சும்மா கிடைத்த இருட்டு

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லின் மீது வந்த கோபத்தில் தொடங்கியது. இலங்கை மலையகத்தில், பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் புவாத், ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் மொட்டைமாடியில் கேமராவோடு நின்று வானத்துத் தூசு முகில்களைப் படமெடுப்பவர். ஒருநாள் தன் படமொன்றில் கேட்டை நட்சத்திரத்தை ஒட்டிய முகிலைக் காட்டினார். நடுவே மை கொட்டியதுபோல் கறுப்பு.

"இது ஓட்டை இல்ல மச்சான், தூசு. பின்னால வெளிச்சம் நெறய இருக்கு. தூசு மறைக்குது."

பிறகு டவுன் விளக்குகளைத் திட்டினார். "நூறு வருஷத்துக்கு முந்தி இங்க படம் புடிச்ச வெள்ளக்காரத் தொரைமாருக்கு இருட்டு சும்மா கெடச்சிருக்கு."

சும்மா.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

ஆனி அமாவாசை. பதுளைக்கு மேலே மலைகள் கரிய யானைக் கூட்டம்போல

[நிறுத்து. யானை வேண்டாம். ஆள் வேண்டும்.]

துரைக்கு வானத்தின் மீது தீராத காதல். லண்டனிலிருந்து தருவித்த லென்ஸை

[இருந்திருக்கலாம். அந்தக் காதலை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.]

1911. ஒரு தேயிலைத் தோட்டம். பங்களா முற்றத்தில் துரை லென்ஸைத் திறக்கப் போகிறார். கண்ணாடித் தகட்டில் வானம் பதிய மணிக்கணக்காகும். அதுவரை கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஒரு வெளிச்சமும் தெரியக் கூடாது என்பது உத்தரவு. காம்பரா என்கிற ஒற்றையறை வீடுகள் எல்லாம் இருண்டுவிட்டன, ஒன்றைத் தவிர. அங்கே காய்ச்சலில் செத்த அழகர் கிடக்கிறான். தலைமாட்டில் விளக்கு எரிகிறது. பிணம் எடுக்கும்வரை அது அணையக் கூடாது. பக்கத்தில் அவன் மனைவி கருப்பம்மா.

3

வாசலில் கங்காணி நல்லையா.

[முதலில் இவருக்கு முறுக்கு மீசையும் பிரம்பும் கொடுத்திருந்தேன். வெறுக்க வசதியாக இருந்தது. பிடுங்கிவிட்டேன். இவர் கருப்பம்மாவின் தாய்மாமன்.]

"வெளக்கக் குளிர வெச்சிரு புள்ள."

"பொணத்து வெளக்கயா? ஏத்துனதே நீங்கதான மாமா."

"தொரை வானத்தப் படம் புடிக்கிறாரு. வெளிச்சம் பட்டா கண்ணாடி கெட்டுப்போகுமாம்."

"வானத்துல அப்புடி என்னத்தப் புடிக்கிறாராம்?"

"நச்சத்திரமே இல்லாத கறுப்பு எடமாம். அங்க ஒண்ணுமில்லையாம்."

"ஒண்ணுமில்லாததப் புடிக்கவா எம் புருசன இருட்டுல போடணும்?"

"நாளக்கிக் காலையில பெரட்டுல வேலைக்கு ஒம் பேரக் கூப்புட மாட்டாங்க. காம்பராவையும் புடுங்கிருவாங்க. எங்க போவ?"

"இப்ப வந்திருக்கிறது மாமாவா, கங்காணியா?"

[இதற்கு நல்லையாவின் பதிலை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலும் பொய்.]

4

நல்லையா விளக்கை ஊதி அணைக்கிறார். இப்படி முடிக்க முடிந்தது. திரும்ப வாசிக்க முடியவில்லை.

கருப்பம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஏறி, லென்ஸுக்கு முன்னால் பிடிக்கிறாள். எழுத எழுத இனித்தது. ஆனால் பிணத்தைத் தனியே விட்டுவிட்டு அவள் போகமாட்டாள். என் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அவளை மலையேற்ற எனக்கென்ன உரிமை?

மூன்றாவது தானாக வந்தது. நல்லையா தன் தோளில் கிடந்த கம்பளியை* உதறி வாசலில் தொங்கவிடுகிறார். உள்ளே விளக்கு எரிகிறது. வெளியே இருட்டு. மேலே லென்ஸ் திறக்கிறது. எல்லாருக்கும் நல்லது. இந்த முடிவைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன்.

*மலையில் மழைக்குப் போர்த்துவது. தண்ணீரே இறங்காது, வெளிச்சம் எங்கே?

5

உள்ளே கருப்பம்மா அந்தக் கம்பளியின் ஓரத்தைப் பிடித்தபடி நிற்கிறாள். அவள் கையை இனி நான் அசைக்கப்போவதில்லை. நீங்கள் அசையுங்கள், அல்லது விடுங்கள்.

விலக்கினால் வெளிச்சம் மலையேறும். துரையின் கண்ணாடி கெடும். விடிந்ததும் பெரட்டில் அவள் பெயர் இருக்காது.

விலக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. படம் நன்றாக வரும். நூறு வருஷம் கழித்து நல்ல மனிதர் ஒருவர் அதைப் பார்த்து, இருட்டு சும்மா கிடைத்தது என்பார்.