இரண்டாவது குண்டு

கல்லீரல் மாற்று சிகிச்சையில் மேற்பயிற்சி என்று பெயர்தான் பெரியது. மெதெயீன் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் அதற்கு வந்து சேர்கிறவர், இத்தனை வருடம் படித்துக் கிழித்த பிறகும், எடுத்த உறுப்பை வைக்கும் ஐஸ் பெட்டியைத் தூக்குகிற ஆள்தான். எங்கேயாவது ஒருவருக்கு மூளைச்சாவு என்று தகவல் வந்தால் முதலில் ஓட வேண்டும். பெரிய சர்ஜன்கள் சாவகாசமாக வந்து சேரும்வரை செத்தவரின் உடம்பைச் சாகவிடாமல் காவல் காக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கினால் மருந்து, உடம்பு சில்லிட்டால் போர்வை. நொயெமி ஒஸ்பினா இந்த வேலையில் கெட்டிக்காரி. அதனால் கிப்தோ ஊருக்கு அவளையே அனுப்பினார்கள்.

கட்டிலில் கிடந்தவன் யெய்சன் ரெந்தெரியா. ஆற்றில் படகோட்டிப் பிழைத்தவன். ஒரு கும்பல் தன் சரக்கை ஏற்றச் சொன்னது, மாட்டேன் என்றான். பின்மண்டையில் சுட்டார்கள். மூளை போய்விட்டது என்று இரண்டு டாக்டர்கள் சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் மெஷின் காற்றடித்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, இதயம் தன் பாட்டுக்குத் துடித்தது. நல்ல கல்லீரல்.

அந்தக் கல்லீரலுக்காக மெதெயீனில் காத்திருந்தவள் மாரிசெல், பள்ளிக்கூட டீச்சர். காசநோய் மாத்திரை அவளுடைய ஈரலைத் தின்று தீர்த்துவிட்டது. நொயெமியை வாய் நிறைய ‘டாக்டர்’ என்று அங்கே கூப்பிட்டது அவள் ஒருத்திதான். இப்போது அவளே நினைவில்லாமல் கிடந்தாள்.

போனில் தலைமை சர்ஜன் ஹராமியோ சொன்னார்: “மழை விட்டாத்தான் பிளேன் எறங்கும். அதுவரைக்கும் அந்தக் கல்லீரலைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கம்மா. இது போச்சுன்னா மாரிசெல்லும் போச்சு. நாளைக்குத் தாங்க மாட்டா.”

உயிரோடு இருக்கும்போது வேண்டாமென்று எழுதிவைக்காதவன் உடம்பிலிருந்து உறுப்பை எடுக்க அந்த நாட்டுச் சட்டப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருந்தாலும் நொயெமி யெய்சனின் தாயிடம் கேட்டாள். எவுலாலியா சந்தையில் மீன் விற்கிறவள். மகனின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நெஞ்சு ஏறி எறங்குதே, மகளே. கால் கதகதன்னு இருக்கே.”

“அதெல்லாம் மெஷின் பண்ற வேலைம்மா. உங்க பையன் நேத்தே போயிட்டார்.”

“இனிமே வலிக்காதுல்ல?”

“வலிக்காதும்மா. இனிமே யாரும் அவரை ஒண்ணும் பண்ண முடியாது. நான் இருக்கேன்.”

கிழவி வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்பச் சரி, எடுத்துக்க” என்றாள். அந்த ‘நான் இருக்கேன்’ என்பதை நம்பித்தான் சொன்னாள்.

மத்தியானம் நர்ஸ் ஒமர் வறுத்த வாழைக்காயைக் கொண்டுவந்து நீட்டினான். “சாப்பிடுங்க டாக்டர். உங்க சர்ஜன்மார் அங்க ஏர்போர்ட்டுல தட்டு மேல தட்டா வெட்டிட்டு இருப்பாங்க” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வெளியே ஏதோ உடைந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் நுழைந்தார்கள். ஒமர் குறுக்கே போனான். முன்னால் வந்த தாடிக்காரன் துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயிலேயே அடித்தான். பல் உடைந்து தரையில் சிதறியது. ஒமர் விழுந்த பிறகும் விலாவில் ஓங்கி ஓங்கி மிதித்தான். மற்றவன் எவுலாலியாவை முடியைப் பிடித்து இழுத்துப்போய், துணித்திரைக்கு அந்தப் பக்கம் மண்டியிட வைத்தான்.

தாடிக்காரன் கட்டிலருகே வந்து எட்டிப் பார்த்தான். “இவன் பொழச்சுக்கிட்டான்னு ஊரே பேசுது. எங்க மானம் போகுது. தள்ளு டாக்டரம்மா, வந்த வேலைய முடிச்சிட்டுப் போறோம்.”

நொயெமி, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு மடத்தனத்தைச் செய்தாள். மாணவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னாள். “அவர் செத்துட்டார். நேத்தே. மூளை செத்துட்டா ஆளே செத்த மாதிரிதான்.”

தாடிக்காரன் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரைப் பார்த்தான். பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. “செத்தவனுக்கு மூச்சு வருமா? என்னைப் பாத்தா கேனயன் மாதிரி தெரியுதா?” புறங்கையால் அவளை அறைந்தான். அவள் மருந்து வண்டிமேல் போய் விழுந்தாள். உதடு கிழிந்தது. எழுந்து பார்த்தபோது துப்பாக்கி முனை யெய்சனின் வலது விலாவுக்குக் கீழே இருந்தது. அதற்கு அடியில்தான் கல்லீரல்.

அந்த நேரத்தில் அவளுக்கு யெய்சன் தெரியவில்லை. அவன் தாய் தெரியவில்லை. மாரிசெல்லின் மஞ்சள் பூத்த கண்கள் மட்டும் தெரிந்தன.

“அங்க வேணாம்” என்றாள். “தலையில சுடு.”

அவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நீ டாக்டர்தானே?”

“தலையில சுட்டா சந்தேகமே இருக்காது. சுட்டுட்டுப் போ.”

சுட்டான். அந்தச் சின்ன அறையில் காது அடைத்துப்போனது. தலையணை சிதறி, ரத்தம் சுவரெல்லாம் தெறித்தது, நொயெமியின் முகத்திலும்தான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து எவுலாலியா போட்ட கூச்சல் அடைத்த காதுக்குள்ளும் புகுந்தது.

பச்சைக் கோடு துள்ளுவதை நிறுத்தவில்லை. தாடிக்காரனின் முகம் வெளிறியது. “இன்னும் அடிக்குதே” என்று முனகிக்கொண்டே துப்பாக்கியை நெஞ்சுக்கு இறக்கினான். நொயெமி கையை நீட்டி, நெஞ்சிலிருந்து மானிட்டருக்குப் போன வயர்களைப் பிடுங்கி, காற்றடிக்கும் மெஷினையும் நிறுத்தினாள். கோடு நேரானது. அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான், செல்போனில் படம் பிடித்தான், ஒமரை மறுபடி ஒரு மிதி மிதித்துவிட்டுக் கூட்டாளியோடு வெளியேறினான்.

அவள் உடனே காயத்தில் துணியை அழுத்திக் கட்டினாள். மெஷினை ஓடவிட்டாள், வயர்களை மாட்டினாள், ரத்தம் ஏற்றினாள், மருந்தைக் கூட்டினாள். கோடு திரும்பத் துள்ளியது. அதைப் பார்த்துக்கொண்டு திரையோரம் எவுலாலியா நின்றாள்.

“உயிரோட இருக்கான்” என்றாள். “ரெண்டு தடவ சுட்டும் எம்புள்ள சாகல.”

“இல்லம்மா. நான் சொன்னேனே…”

“நீ சொன்னதக் கேட்டேன். தலையில சுடச் சொன்ன. என் காதால கேட்டேன்.”

நொயெமி குனிந்து காயத்துக் கட்டை இறுக்கினாள்.

“எடுக்கக் கூடாது” என்றாள் கிழவி. “சொன்ன சொல்லத் திருப்பி வாங்கிக்கிறேன். அவனை யாரும் தொடக் கூடாது.”

மழை விட்டது. போலீஸ் வந்தது. ஹராமியோவும் வந்து சேர்ந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு வாசலில் நின்ற எவுலாலியாவைப் பார்த்தார். “சட்டப்படி அந்தம்மாவைக் கேக்க வேண்டியதில்ல. ஆனா அவங்ககிட்டப் பேசினது நீ. நீ வேணாம்னா பெட்டியத் தூக்கிட்டுத் திரும்பிப் போயிரலாம். யாரும் உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. சொல்லு.”

நொயெமி கட்டிலின் சக்கரப் பிரேக்கை விடுவித்தாள்.

எவுலாலியா ஓடிவந்து கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். மீன் அறுத்து உரமேறிய கைகள். காவலாளி இழுத்துப் பார்த்தான், முடியவில்லை. போலீஸ்காரன் லத்தியை எடுத்தான். நொயெமி அவனைத் தடுத்துவிட்டு, தானே குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கிழவி நகத்தால் பிறாண்டினாள், மணிக்கட்டைக் கடித்தாள். நொயெமி நிறுத்தவில்லை. கடைசிச் சுண்டுவிரல் பிடி விடாமல் இருந்தது. அதைப் பின்னால் வளைத்தாள். எலும்பு சடக்கென்றது.

கிழவி தரையில் உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்த்தாள்.

“அவனுங்களுக்குத் துப்பாக்கி வேண்டியிருந்துச்சு, மகளே” என்றாள். “உனக்கு அதுகூட வேண்டியிருக்கல.”

நொயெமி கட்டிலை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.