அனுமானத்துக்கு ஐந்து மார்க்

தர்க்கவியல் வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஆகவே'. உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடினால்கூட, இரண்டு காரணம் சொல்லி, ஓர் 'ஆகவே' போட்டு, அப்புறம்தான் எழுந்து வேறு நாற்காலிக்குப் போவார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. மகள் போனைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். போதாக்குறைக்கு, வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும் என்கிறாள். காதலிப்பவர்கள் போனைப் பார்த்துச் சிரிப்பார்கள், இவளும் சிரிக்கிறாள், ஆகவே எவனோ ஒருவன் இருக்கிறான், அவனும் அந்த ஊரில்தான் இருக்கிறான். முடிவு பளிச்சென்று கிடைத்துவிட்டது. "போக வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் காரணம் கற்றுக்கொடுப்பவர், வீட்டில் அந்த வழக்கம் வைத்துக்கொள்வதில்லை.

மனசில் கிடப்பது வாய் வழியாக வராவிட்டால் வேறு எங்காவது கசியத்தானே வேண்டும்? அவருக்குக் கேள்வித்தாளில் கசிந்தது. அந்த வார வகுப்புத் தேர்வுக்கு ஐந்து மார்க் கேள்வி ஒன்று குறைந்தது. கை தானாக எழுதிவிட்டது. 'காதலிப்பவர்கள் போனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவள் போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆகவே இவள் காதலிக்கிறாள். இந்த அனுமானம் செல்லுமா?' விடைக்குறிப்பில் 'செல்லாது' என்று எழுதியவரும் அவரேதான். மழை பெய்தால் தெரு நனையும். ஆனால் தெரு நனைந்திருந்தால் தண்ணீர் லாரி ஒழுகியிருக்கவும் கூடும். வருஷக்கணக்காக நடத்தும் பாடம், கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறார், பாவம்.

அந்த வீட்டில் விடைத்தாளை அவர் திருத்துவார், கூட்டல் மகள் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தார்கள். கடைசித் தாளையும் கூட்டி வைத்துவிட்டு மகள் ஆரம்பித்தாள்.

"கடைசிக் கேள்விக்கு எல்லாரும் முழு மார்க் வாங்கியிருக்காங்கப்பா."

"ஈஸியான கேள்விதானே."

"ஒருத்தர்கூட செல்லும்னு எழுதல."

"எழுதியிருந்தா முட்டைதான்."

"சரி, நீங்க சொல்லுங்க. நான் போனைப் பாத்துச் சிரிக்கிறேன். ஆகவே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அது பாடம்மா. இது வீடு. பெத்தவனுக்குத் தெரியாதா?"

மகள் சிவப்புப் பேனாவை எடுத்து, அவர் கையெழுத்திட்டு வைத்திருந்த விடைக்குறிப்பின் தலையில் பெரிதாக ஒரு முட்டை போட்டாள். படித்த காலத்தில்கூட அவர் வாங்காத மார்க். முகம் சுண்டிப்போயிற்று.

"பெயிலா?" என்று உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து மனைவி கேட்டாள். குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அப்போ யாரைப் பாத்துதான் சிரிச்சே? அதையாவது சொல்லும்மா," என்றார் அவர். கெஞ்சல்தான், வேறென்ன.

அவள் போனை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் துணிமணி அடுக்கப் போனாள். வேலை கொடுத்தவர்கள் அனுப்பியிருந்த விடுதி அறையின் படம். ஒரு கட்டில், ஒரு மேஜை, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. அவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூலைமூலையாகத் தேடிப் பார்த்தார். யாருமே இல்லை. மகள் ஒரு வாரமாகச் சிரித்தது அந்தக் காலி அறையைப் பார்த்து.