நீலமேகம் சார் முகத்தில் காரப்பொடி

காலை எட்டு மணிக்குக் கம்பெனி ஆள் அன்பரசன் தன் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் போன ஃப்ளெக்ஸ் சுருளைப் பார்த்ததும், கம்பெனிக்காரனுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று கோவிந்தம்மா நினைத்துக்கொண்டாள். எண்ணூரில் அவர்கள் குப்பத்தில் காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு என்று எந்த ஃப்ளெக்ஸ் வந்தாலும் கடைசியில் அது கருவாடு காயப்போடத்தான். புத்தம் புதுசாகவே கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்குச் செங்கதிர் மின்சாரக் கம்பெனி முன்னேறிவிட்டது.

கம்பெனியின் நல்ல மனசைக் குறை சொல்ல முடியாது. ஊருக்கு ஏதாவது செய்துகொண்டேதான் இருந்தார்கள். முதல் வருஷம் தையல் மெஷின். அடுத்த வருஷமும் தையல் மெஷின். தெருவில் கிழிந்த துணியே தீர்ந்துபோன பிறகு, இன்றைக்கும் சாயங்காலம் தையல் மெஷின் விழாதான். கோவிந்தம்மா மூன்று வருஷமாகக் கேட்டது கருவாடு காயப்போட மேலே மூடின ஒரு கொட்டகை. கம்பெனி நிலக்கரி எரித்த சாம்பல் படிந்த மீனைச் சந்தையில், "இன்னா, மீனுக்குப் பவுடர் போட்டு இட்டாந்துகீற?" என்று பாதி விலைக்குக் கேட்கிறார்கள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஜெனரல் மேனேஜர் நீலமேகமோ ஒவ்வொரு கூட்டத்திலும், "எங்க மெஷின்ல அளந்து பாத்தாச்சும்மா, உங்க தெருவுக்குச் சாம்பல் வர்றதே இல்ல" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவார்.

அதே சிரித்த முகம்தான் ஃப்ளெக்ஸில் ஆளுயரத்துக்கு இருந்தது. கோவிந்தம்மா அதை வாசலில் விரித்து, கன்னங்களில் காரப்பொடி மீனைப் பரப்பினாள். மூக்குக்குக் கீழே ஒரு வாளை மீனை நீட்டிப் படுக்கவைத்தாள்.

மூன்றரை மணிக்கு அன்பரசன் வந்தான். ஊர்மக்களோடு பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற திருவொற்றியூர்ப் பையன். ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அலறிவிட்டான்.

"ஐயோ, இன்னாக்கா பண்ணி வச்சிகீற! மேடைல கட்டறதுக்கா இது! சார் நாலு மணிக்கு வர்றாரு!"

"நீ சொல்ட்டுப் போனியா நைனா? வூட்டு செவுத்துல சாச்சி வச்சா நான் இன்னான்னு நெனைப்பேன்?"

வாய் பேசினாலும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனிமேல் கொட்டகை என்று வாயைத் திறந்தாலே இதைச் சொல்லிக்காட்டுவார்கள்.

இருவருமாக மீனை வாரிக் கூடையில் போட்டார்கள். ஈரத்துணி தேடுவதற்குள் தெருமுனையில் கார் ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் அன்பரசன் அப்படியே தூக்கி மேடையில் கட்டினான். கட்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். உப்பு ஈரத்தில் ஒட்டிய ஒரு பகல் சாம்பலில் நீலமேகம் கறுத்துப்போயிருந்தார். மீன் கிடந்த இடம் மட்டும் பளிச்சென்று, கன்னம் முழுக்கக் குட்டிக் குட்டி மீன்கள். மூக்குக்குக் கீழே காதுக்குக் காது ஒரு வாளை மீசை.

குப்பமே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. மேடையேறிய நீலமேகம் திரும்பித் தன்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

அன்பரசன் கோவிந்தம்மாவைப் பார்த்தான். அவளுக்குப் பயம்தான். ஆனாலும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காலைல எட்டு மணிக்குதான் சார் விரிச்சேன். புதுசு."

நீலமேகம் தன் படத்தின் கன்னத்தில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். விரல் கறுப்பாக வந்தது. துடைக்க இடம் தேடி வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். ரிப்பன் கட்டிய தையல் மெஷின்களைப் பார்த்தார். கடைசியில் அந்த ஒற்றை விரலை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி மைக் முன்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் குப்பத்துப் பூனை ஒன்று மேடையேறி, வாளை மீசையை நக்குவதற்காக எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது.