சில்லென்று வந்த தண்ணீர்

என் மனைவியின் தம்பி எனக்குத் தரவேண்டியது பதினோராயிரத்து இருநூற்று ஐம்பது. அவனுடைய படகு மோட்டாருக்குப் புதுப் பம்பு, ஆயில், ஆறு நாள் கூலி. படகுப் பட்டறையில் நான் கூலிக்காரன். சாமான்களை என் பேரில் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். மச்சினனோ இரண்டு வருடமாக, "மோட்டார வித்ததும் மொத்தமா தர்றேன் மாமா" என்கிறான். வீட்டுக் கூரை ஒழுகுகிறது. கட்டிலை மூன்று முறை நகர்த்திவிட்டோம். இனி நகர்த்தினால் தெருதான்.

மோட்டாருக்கு இருபத்தெட்டு வயது. கடலில் ஓட்டியபின் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே அலசு என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "தண்ணியிலயே கெடக்குறதுக்கு எதுக்கு மாமா குளியல்?" என்பான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவனுக்கு யார் சொல்வது?

போன வாரம் அதன் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. "உள்ள உப்பு அடைச்சிருக்கு மாப்ளே. தலைப்பக்கம் பிரிச்சுச் சுரண்டணும், ஒரு நாள் வேலை" என்றேன்.

"சைடு ஓட்டையில தண்ணிதான் வருதே, அப்புறம் என்ன?" என்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் ஒருவர் வாங்க வந்தார். நாற்பதாயிரம் பேசி முடித்திருந்தார்கள். தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மோட்டாரை மாட்டி ஓட்டினேன். மோட்டாரின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"பாருங்க சார், என்ன வேகம்! தொட்டுப் பாருங்க, ஐஸு! இந்த வயசுல இவ்வளவு குளிர்ச்சியா எந்த மோட்டார் ஓடும்?" என்றான் மச்சினன்.

அவர் கையை நீட்டினார். முகம் மலர்ந்தது. நானும் கையை நீட்டிப் பார்த்தேன். சூடான என்ஜினைச் சுற்றி வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக வரவேண்டும். சில்லென்று வந்தால் அது என்ஜின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். துக்க வீட்டுக்கு வந்து வாசலோடு திரும்புகிற சொந்தக்காரன் மாதிரி.

மருந்துக்கடைக்காரர் என்னிடம் திரும்பினார். "வேலை பாத்தது நீங்கதானாமே. பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு நடுக்கடலுக்குப் போகலாமாண்ணே?"

மச்சினன் என் கால் பெருவிரலை மிதித்தான். கூரையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டாரே மனுஷன். நனைந்திருந்த கையை என்ஜின் தலைமேல் உதறினேன். சுர்ரென்றது. துளிகள் துள்ளிக் காணாமல் போயின.

"இது கொதிக்குதே!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மோட்டாரை நிறுத்தினேன். "மேல அடைப்புங்க. தண்ணி அங்க போகாமலே திரும்புது. சுத்தம் பண்ணிடலாம்."

"பண்ணுங்க, அப்புறமா வர்றேன்" என்று வண்டியைக் கிளப்பினார். கடன் கொடுத்தவனுக்கு 'அப்புறம்' என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

சாயங்காலம் மச்சினன் என் வீட்டில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்தபடி, அக்காவிடம் விரல் மடக்கிக் கணக்குச் சொன்னான்.

"நாப்பதாயிரம் போச்சு. அதுல மாமாவுக்கு நான் தரவேண்டியதக் கழிச்சா, இருபத்தெட்டாயிரத்து எழுநூத்தி அம்பது மாமாதான் எனக்குத் தரணும்."

"அவரா கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசலியே மாப்ளே?"

"வாயால பேசல."

மனைவி என்னை முறைத்தாள். "கைய உதறுறதுக்கு வேற இடமே கெடைக்கலியா உங்களுக்கு?"

"விடுக்கா," என்றான் மச்சினன். "சொந்தத்துக்குள்ள என்ன கணக்கு? மிச்சத்த நான் தள்ளுபடி பண்ணிட்டேன்."

இவ்வளவு பெரிய மனசை நான் பார்த்ததில்லை. "அப்ப ரெண்டு பக்கமும் தீர்ந்துச்சுதானே?"

"தீர்ந்துச்சு மாமா. நாளைக்கு எத்தன மணிக்கு அடைப்ப எடுக்க வர்றீங்க?"

"கூலியக் கையில வச்சதும்" என்றேன்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.