ஆறு புள்ளி எட்டு

அமலராணி டீச்சரிடம் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: அமிலம் கூடக் கூட பி.எச். இறங்கும், புள்ளி மூன்று இறங்கினால் ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகும். டீச்சரின் வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜுக்குத்தான் எந்தக் கணக்கும் ஏறாது. தவக்காலத்துக்கு ஒருசந்தி இருந்தவர், "சோறே திங்கல, சுகர் ஊசி எதுக்கு?" என்று யாரிடமும் சொல்லாமல் ஊசியையும் நிறுத்திவிட்டார். சிறுமலை வாழைக்காய் இறங்கும் மண்டியிலேயே சுருண்டு விழுந்தார்.

மறுநாள் காலையில் ஐ.சி.யூ.விலிருந்து டாக்டர் வெளியே வந்தார். "சுகர் இறங்கிருச்சும்மா. ரத்தத்துல அமிலந்தான் ஏறிக் கிடக்கு. பி.எச். ஏழு புள்ளி ஒண்ணு. அது சரியாகணும்."

மாமியார் செபாஸ்தியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார். சுகர் இறங்கினால் நல்லது, காய்ச்சல் இறங்கினால் நல்லது, இதுவும் இறங்கணும், அவ்வளவுதானே? ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் ஜெபமாலையை உருட்டத் தொடங்கினார். "மாதாவே, எம்புள்ளைக்கு அந்த ஏழாம் நம்பர எறக்கிவிடு தாயே."

'இறங்கக் கூடாது அத்தை, ஏறணும்' என்று சொல்ல அமலராணி வாயெடுத்தாள். பெற்றவளின் ஜெபத்தில் போய்த் திருத்தம் போடுவதா? மனசு மட்டும் அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. நல்ல ரத்தத்தில் ஏழு புள்ளி நாலு. ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு நாற்பது நானோமோல். இப்போது எண்பது. எண்பதிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறார்கள். வந்துவிடுவார், வராமல் எங்கே போவார்?

மத்தியானம் வெளியே வந்த நர்ஸ் வினோலியா அவளிடம் படித்த பிள்ளை. முகத்தை நிமிர்த்தவே இல்லை. "கிட்னியும் வேலை செய்யல மிஸ். பி.எச். ஆறு புள்ளி எட்டு. செத்த நேரத்துல டாக்டர் கூப்பிடுவாரு." அதற்கு மேல் சொல்ல முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

நூற்று அறுபது. அமலராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை பிள்ளைகளை இந்தக் கணக்கைப் போட வைத்து 'சபாஷ்' சொல்லியிருப்பாள்! பாழாய்ப்போன கணக்கு. எங்காவது தப்பியிருக்கக் கூடாதா என்று மறுபடி போட்டாள். அதேதான் வந்தது.

"என்னத்தா சொன்னா? நம்பர் எறங்குச்சா?"

"எறங்கிருச்சு அத்தை."

"மாதா கைவிடல பாத்தியா!" செபாஸ்தியம்மாள் ஜெபமாலைக்கு முத்தம் கொடுத்துவிட்டு, காலையிலிருந்து யாரும் தொடாத தூக்குவாளியைத் திறந்தார். "பச்சத்தண்ணி கூடக் குடிக்காமக் கெடக்க. இனிமே என்ன, வாயத் தொற."

இட்லியைப் பிட்டு ஊட்டினார். அமலராணி வாங்கிக்கொண்டாள். விழுங்க முடியவில்லை, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கிறுக்கி, சந்தோசத்துக்கு யாராச்சும் இம்புட்டு அழுவாங்களா?" மாமியார் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த வாய்க்குப் பிட்டார்.