நீல வளையம்

புதுத் துப்பாக்கிக் குழல் வந்த அன்று அதை எண்ணெய்க் காகிதத்திலிருந்து பிரித்தவள் நான்தான். "என்ன பொறிச்சிருக்கான், படி ட்வைலா," என்றார் அப்பா. அவர் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து சின்ன எழுத்தெல்லாம் என் பொறுப்பு. இரும்பைத் தடவினேன். எண்ணுக்கு அடுத்த எழுத்து என் பெயருடையது இல்லை என்று கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"17 பிரென்னா," என்றேன்.

"சரியாப் போட்டிருக்கான்," என்று அப்பா சிரித்தார்.

17 என்பது குழல் துளையின் அளவு, பிரென்னா அதில் போடும் தோட்டாவுக்கு அப்பா வைத்த பெயர். அந்தத் தோட்டாவை எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. அப்பா தாளில் வரைந்தது. பயிற்சித் திடலில் எல்லோரும் சுட்டுவிட்டுப் போகிற சாதாரண 223 ரகத் தோட்டாக்களின் வெற்றுப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அதிலிருந்து செய்வோம். கூட்டை அறுத்துக் குட்டையாக்கி, விரல் நுனியால் மெழுகு பூசி, மூன்று அச்சுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி, அதன் கழுத்தை வைக்கோல் அளவுக்குச் சிறுக்க வைக்க வேண்டும். மெழுகு கூடினால் கழுத்துக்குக் கீழே கூட்டின் தோளில் குழி விழும், குறைந்தால் கூடு அச்சிலேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு குளிர்காலம். முந்நூறு கூடுகள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராமல் பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்கு இந்த வேலை நடந்த கராஜ் பிடித்திருந்தது. அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

கடைசி வேலை என்னுடையது மட்டும். அழுத்தி அழுத்தி இறுகிப்போன கழுத்தை கேஸ் டார்ச்சின் சுடரில் சுழற்றிச் சூடாக்கி இளக்குவது. இளக்காத கழுத்து சுடும்போது பிளந்துவிடும். பித்தளையில் ஒரு நீலம் எழும்பித் தோள்வரை இறங்கும். அந்த நொடியில் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். அப்பாவுக்கு அந்த நீலம் தெரிவதில்லை. "உன் கண்ணு இல்லேன்னா இந்தத் தோட்டா இல்ல," என்று ஒருமுறை சொன்னார். அதை என் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

பிரென்னா என்ன செய்தாள்? அவள் அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொண்ட கே சித்தியின் மகள். கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வருவாள், அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். முடிந்த முதல் கூட்டை எடுத்துப் பார்த்து, "குள்ளமா, கோவமா, அப்படியே என்னை மாதிரியே இருக்கே ஆர்லன்!" என்றாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், அந்தப் பெயரையே தோட்டாவுக்கு வைத்துவிட்டார். ஒரு வரி. அவ்வளவுதான் அவள் வேலை.

முதல் நாள் சுடுவதற்கு நாற்பது தோட்டாக்கள் போதும் என்றார் அப்பா. எனக்கும் பிரென்னாவுக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி, இருபது. என் பெட்டிக்கானவற்றைச் சுடரில் காட்டினேன். அவளுடைய இருபது கூடுகளை அப்படியே வெடிமருந்து அடைக்கும் மேசையில் வைத்தேன். டார்ச்சில் கேஸ் தீரவில்லை. நேரமும் இருந்தது. அப்பா குண்டு பொருத்தும்போது ஒவ்வொன்றையும் விரலால் தடவி, "பட்டு மாதிரி இருக்கும்மா," என்றார். இறுகிய கழுத்தும் இளகிய கழுத்தும் தடவினால் ஒன்றுதான். வெடிக்கிற வரை.

ஏப்ரல் கடைசியில் ஓல்சன் என்ற விவசாயியின் குதிரைமசால் தீவன வயலுக்குப் போனோம். தரை அணில்கள் வரப்பெல்லாம் குடைந்து, மாட்டின் கால் முறிகிற அளவுக்குப் பொந்து வைத்திருந்தன. அவற்றைச் சுடத்தான் போனோம். ஓல்சன் வேலிக்கதவைத் திறந்துவிட்டு, "தோட்டாவுக்குப் பேரு குடுத்த பொண்ணு எது?" என்று கேட்டார். பிரென்னா கையைத் தூக்கினாள். "அப்போ மொதல் குண்டு உனக்குத்தான், அதானே வழக்கம். இந்தப் பொண்ணு யாரு, வாயைத் திறக்க மாட்டேங்குது?"

"அவ பேசினா அணிலெல்லாம் பயந்து ஓடிடும், அதான் பேச்சையெல்லாம் சேத்து வச்சிருக்கா," என்றாள் பிரென்னா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் தோளில் இடித்தாள். அது பிரியமாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

பிரென்னா வண்டிப் பலகைமேல் படுத்துச் சுட்டாள். அணிலுக்குத் தள்ளி மண் தெறித்தது. அப்பா கூட்டைக் கையில் வாங்கிக் கழுத்தில் நகத்தை ஓட்டினார். நகம் நின்றது. இரண்டாவது. மூன்றாவது. மூன்றுமே கழுத்து நெடுகக் கீறிப் பிளந்திருந்தன.

நான் எதிர்பார்த்தது அவள் முகம் சுருங்குவதை. சுருங்கியது அப்பாவின் முகம்.

"என் கணக்குதான் தப்பு," என்றார் மெதுவாக. "ரொம்பச் சிறுசாக்கிட்டேன். பித்தளை தாங்கல." தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "ரெண்டு வருஷம் இந்தப் பொண்ணோட கையைப் புண்ணாக்கினதுதான் மிச்சம். போதும். அச்செல்லாம் வித்துடறேன். வீட்டுக்குப் போலாம்."

இந்தப் பொண்ணு என்றது என்னை. ஓல்சன் காப்பி ஊற்றிக் கொடுக்க, அப்பா அதை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

பிரென்னா தன் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தாள். பிறகு என் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தாள். இரண்டையும் வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்தாள். என்னுடையதன் கழுத்தில் நீல வளையம் இருந்தது. அவளுடையது அடிமுதல் நுனிவரை ஒரே மஞ்சள். ஓல்சனுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அப்பாவுக்கு அந்த நீலமே தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். எனக்குக் காது மடல் எரிந்தது.

"ஆர்லன், கொஞ்சம் இருங்க. ட்வைலா பெட்டி ஒண்ணு இருக்குல்ல."

"எல்லாம் ஒண்ணுதானம்மா. எதுக்கு?"

"சும்மா. எனக்காக."

பிரென்னா எழுந்து இடம் விட்டாள். என் உள்ளங்கையில் அந்தத் தோட்டாவை வைத்து விரல்களை மூடினாள். "எல்லாத்தையும் நீதானடி செஞ்ச," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "வாயால சொல்றியா, சுட்டுக் காட்டுறியா?" அவள் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

படுத்தேன். துப்பாக்கிக் கட்டையில் அவள் கன்னத்தின் சூடு இன்னும் இருந்தது. இது பிளக்காது. பிளக்காவிட்டால் அப்பாவின் கணக்கு சரி. அது சரியென்றால் அவர் அடுத்துக் கேட்கப் போவது ஒரே ஒரு கேள்வி: அப்போ பிரென்னாவுடையது ஏன் பிளந்தது? அதற்கு வாயைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

தோட்டாவை உள்ளே தள்ளினேன். நீல வளையம் கடைசியாக ஒருமுறை மின்னி இருட்டுக்குள் போனது. வயலில் ஒரு அணில் பின்னங்காலில் எழுந்து, கைகளை மார்பில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

அப்பா காப்பியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார். கூடு தெறித்து விழுகிற இடத்தில் கையை நீட்டினார். உள்ளங்கை விரிந்து, கட்டைவிரல் நகம் தயாராக இருந்தது.