மஞ்சள் வரிசை

ஜெயப்பிரியா விசையைத் தட்டினாள். திரையில் மஞ்சள் ஒரு படி இறங்கி அடுத்த வரிசையில் நின்றது. லாட் எண், அளவு, மறுபடி ஒரு தட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் ஒரு நாளைக்கு எண்ணூறு வரிசை அடித்தாக வேண்டும். செக்கிங் ஆட்கள் கிரீஸ் கையோடு எழுதித் தரும் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினால், எந்தக் கட்டத்தில் விட்டோம் என்பதே மறந்துபோகும். அப்படி ஒரு வரிசை தவறி அடித்ததற்குத்தான் முன்பு மெமோ வாங்கினாள். பெரிய மானிட்டர் கேட்டதற்கு, கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

கண்ணாடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று, வேப்பம்பட்டு ரயிலில் நின்றபடியே போனில் வீடியோ பார்த்து, கர்சர் நிற்கும் வரிசை மஞ்சளாகும்படி, எக்செலுக்குள் தானாக ஓடும் மேக்ரோ என்ற சின்ன நிரல் ஒன்றை எழுதினாள். முதல் நாள் அது, ரிஜெக்ட் ஆன லாட்டுகளுக்கு சூப்பர்வைசர் சுப்பராயன் போட்டிருந்த சிவப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. பதறிப்போய்த் தானே அவரிடம் சொன்னாள். பழைய காப்பியைப் பார்த்துச் சிவப்பைத் திரும்பப் போட்டு, மறுநாளே மேக்ரோவைத் திருத்தினாள். இப்போது மஞ்சள் மேலே வந்து போகும், அடியில் சிவப்பு அப்படியே கிடக்கும். சுப்பராயனே மற்ற இரண்டு சிஸ்டத்திலும் அதைப் போடச் சொன்னார்.

தானாகப் போய்ச் சொன்னதுதான் வினையாக வந்தது. சிவப்பு போட்ட இரண்டு லாட்டுகள் லாரி ஏறிப் போய், வாங்கிய கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. டெஸ்பாட்ச் அவசரத்தில் சுப்பராயன் தன் கையாலேயே சிவப்பை எடுத்ததைப் பக்கத்து சீட் கவிப்பிரியா பார்த்திருந்தாள். பார்த்தவள் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் சுப்பராயன் ஒரு கடிதத்தை நீட்டினார். தன் மேக்ரோ சிவப்பை அழித்ததால்தான் லாட் வெளியே போனது என்று ஜெயப்பிரியா ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், இல்லையென்றால் அவளை வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டரிடமே திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கண்ணெதிரே கர்சரைச் சிவப்பு வரிசைக்குக் கொண்டுபோனாள். மஞ்சள் வந்தது, போனது. சிவப்பு இருந்தது. அவர் திரைப் பக்கமே திரும்பவில்லை.

"மொதல் நாள் அழிச்சிடுச்சின்னு நீதானேம்மா வந்து சொன்ன?"

"சொன்னேன் சார். என் தப்புன்னா நானே வந்து சொல்றவ நானு. இது என் தப்பு இல்ல. மேக்ரோதான் அழிச்சிச்சின்னா, மூணு சிஸ்டத்துலயும் இப்பவே எடுத்துடுங்க. எடுத்துட்டுக் குடுங்க, கையெழுத்து போடறேன்."

அது இல்லாமல் எண்ணூறு நகராது என்று அவருக்குத் தெரியும். சாயந்திரத்துக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசிக்க ஒன்றுமில்லை என்று கடிதத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் கேட்டில் அவள் கார்டு வேலை செய்யவில்லை. சீட்டில் இருக்கும் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு வரும்படி வாட்ச்மேன் வீராசாமி உள்ளே விட்டார். அவள் நாற்காலியில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மஞ்சக் கோடு நல்லா கீதுக்கா," என்றாள் அந்தப் பெண்.

ஜெயப்பிரியா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, சுப்பராயன் காதில் விழும்படியாகவே சொன்னாள். "எப்பனா செவப்பு காணாம போச்சின்னா, இது அழிச்சது இல்ல. ஞாபகம் வெச்சிக்க. எதுலயும் கையெழுத்து போடாத."

கவிப்பிரியா தலை நிமிர்ந்தாள். சுப்பராயன் மேஜையில் கையெழுத்தில்லாத கடிதம் கிடந்தது. மூன்று திரைகளிலும் மஞ்சள் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது.